சேற்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இடைக்கழிநாட்டை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் வாசிப்புக் குழுவின் நெடுநாள் ஆசை. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்பதுதான் அதற்குக் காரணம். பழம்பெயர்கள் பெரும்பாலும் உரையாசிரியர்களின் குறிப்புகளில் மட்டுமே மூச்சுவிட்டுக்கொண்டிருக்க, இந்தப் பெயர் மட்டும் இன்றும் ஒரு பேரூராட்சியின் பெயர்ப்பலகையில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம், கல்பாக்கம் எல்லாம் தாண்டித் தெற்கே போனால், சென்னையிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் கடப்பாக்கம். ஊரிலிருந்து கிழக்கே திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. கோட்டைக்கு அப்பால் கழி, கழிக்கு அப்பால் ஒரு மணல்திட்டு, அதற்கும் அப்பால் கடல். கழிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் நிலம் என்ற பெயருக்கு வேறு உரை தேவையில்லை. கோட்டையின் இடிந்த சுவர்மேல் நின்றாலே பொருள் விளங்கிவிடுகிறது.

நாங்கள் நால்வர் போயிருந்தோம். மாசி மாதம், வெயில் இன்னும் கொடுமையாகவில்லை. கோட்டைக்குள் ஏற்கெனவே கூட்டம் இருந்தது. ஏதோ ஒரு பள்ளியிலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் நடுவில் கோடு போட்ட ஒரு தாள். இடப்பக்கம் உயிருள்ளவை, வலப்பக்கம் உயிரற்றவை. சூழ்நிலை மண்டலம் என்ற பாடத்துக்கான களப்பணியாம். பிள்ளைகள் கழிக்கரையில் ஓடியாடிக் கண்டதையெல்லாம் இரண்டு கட்டங்களில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கொக்கு, நண்டு, பனைமரம், அடம்பங்கொடி இடப்பக்கம். மணல், காற்று, வெயில், தண்ணீர், உப்பு, செங்கல் வலப்பக்கம்.

ஒரு சிறுமி சேற்றை இடப்பக்கம் எழுதியிருந்தாள். ஆசிரியர் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு வலப்பக்கம் மாற்றி எழுதச் சொன்னார். அவள் உடனே மாற்றவில்லை.

"சேத்துல கைய வுட்டா புழு வரும் சார், நண்டு வரும். இறாக்குஞ்செல்லாம் அதுலதான் கீது சார்" என்றாள்.

"புழுவுக்கு உயிர் இருக்கு, நண்டுக்கு உயிர் இருக்கு. சேத்துக்கு ஏதும்மா உயிர்? பரீட்சையில இப்படி எழுதுனா மார்க் போயிடும்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னார். அறுபது பிள்ளைகளைக் கழிக்கரையில் மேய்த்துக்கொண்டு, யாரும் தண்ணீரில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு, பாடமும் நடத்த வேண்டிய மனிதரை நாம் குறைசொல்ல முடியாது. அப்படி வெளியே அழைத்து வரும் ஆசிரியர்களே அரிது. சிறுமி அழிப்பானை எடுத்துச் சேற்றை அழித்தாள். பிறகு வலப்பக்கம் எழுதினாள்.

இந்தச் சிறு காட்சி எங்களைத் திரும்பும் வழியெல்லாம் பேச வைத்தது. அந்தச் சிறுமி சொன்னதே அறிவியலுக்கு அருகில் இருந்தது என்பதும், அவளைத் திருத்திய அந்தக் கட்டம் அறிவியலிலிருந்து விலகி நிற்கிறது என்பதும்தான் நாங்கள் சொல்ல வருவது.

சூழ்நிலை மண்டலம் என்று பாடநூலில் வழங்கும் சொல்லின் பிறப்பைச் சற்றுப் பார்க்கலாம். 1935இல் ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஒரு கட்டுரையில் இதை முதன்முதலில் அச்சில் பயன்படுத்தினார். (டான்ஸ்லி ஃப்ராய்டிடம் வியன்னாவுக்குச் சென்று உளப்பகுப்பாய்வு பயின்றவர் என்பது இலக்கிய வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம். மனதைப் பற்றிச் சிந்தித்தவர்தான் காட்டைப் பற்றியும் அப்படிச் சிந்தித்திருக்கிறார்.) தாவரக் கூட்டங்களைத் தனித்த ஓர் உயிரியைப்போலக் கருதிய அன்றைய போக்கை மறுத்து எழுதப்பட்ட கட்டுரை அது. செடிகொடிகளையும் விலங்குகளையும் மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பார்க்கும் பழக்கம் நம்முடையதே ஒழிய, மண்ணும் நீரும் வெப்பமும் சேர்ந்த முழுமைதான் இயற்கையின் அடிப்படை அலகு என்பது அவருடைய வாதத்தின் சாரம். அந்த முழுமைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, அதற்காகவே அந்தச் சொல் வந்தது. அதாவது, உயிருள்ளதையும் உயிரற்றதையும் பிரிக்கலாகாது என்று சொல்வதற்காகப் பிறந்த சொல். அந்தச் சொல்லைத் தலைப்பாக வைத்துவிட்டு, அதன்கீழ் முதல் வேலையாக நடுவில் ஒரு கோடு போடச் சொல்லிக் கற்றுக்கொடுக்கிறோம்!

கோடே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சின்னஞ்சிறு குழந்தைகள் அசைவதெல்லாம் உயிருள்ளது என்று நம்புவார்கள், நிலவு தங்களைப் பின்தொடர்கிறது என்பார்கள் என்று பியாஜே 1920களிலேயே எழுதினார். அந்த வயதில் கல்லையும் கன்றுக்குட்டியையும் பிரித்துக் காட்டுவது தேவைதான். ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கு அது சரியான பாடம். ஆனால் அதே பாடத்தைப் பெயர் மட்டும் மாற்றி, உயிருள்ள காரணிகள், உயிரற்ற காரணிகள் என்று ஆறாம் வகுப்பிலும் அதற்கு மேலும் திரும்பத் திரும்ப நடத்தும்போது குழந்தை புதிதாக எதையும் கற்பதில்லை. ஏற்கெனவே தெரிந்திருந்த ஒன்றையும் இழக்கிறது. அந்தச் சிறுமி இழந்ததைப்போல.

இனி அவளுடைய சேற்றுக்கு வருவோம்.

கழியின் ஓரத்தில் ஒரு கை ஆழம் தோண்டினால் மேலே பழுப்பாகவும் கீழே கன்னங்கரேலென்றும் இருக்கும். அழுகிய முட்டையின் நாற்றம் வரும். அந்தக் கருமையும் நாற்றமும் நுண்ணுயிர்கள் செய்தவை. ஆக்சிஜன் நுழையாத ஆழத்தில், கடல்நீரில் கரைந்துள்ள சல்ஃபேட்டைக்கொண்டு மூச்சுவிடும் பாக்டீரியாக்கள் வெளிவிடும் வாயு அது. அதுவே மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்குகிறது. மேலே உள்ள பழுப்பு, புழுக்களும் நண்டுகளும் வளை தோண்டி ஆக்சிஜனைக் கீழே கொண்டுசெல்லும் அளவுக்குத்தான் ஆழமாக இருக்கும். நண்டு வளை தோண்டுவதை நிறுத்தினால் கறுப்பு மேலேறும். சேற்றின் நிறம், மணம், நயம் எல்லாவற்றையும் அதில் வாழ்பவை தீர்மானிக்கின்றன. அங்கே எது வாழலாம் என்பதைச் சேறு தீர்மானிக்கிறது. இந்தக் கழிகளில் இருளர் பெண்கள் வலையோ தூண்டிலோ இல்லாமல் வெறுங்கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அவர்களுடைய விரல்கள் சேற்றை வாசிக்கின்றன. எந்தச் சேற்றில் இறால் இருக்கும், எதில் இருக்காது என்று தொட்டதும் தெரிகிறது. அந்தச் சிறுமியின் வீட்டிலும் அப்படி யாரேனும் இருந்திருக்கக்கூடும். கேட்கவில்லை.

வெர்னாத்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர், 1926இல் 'உயிர்க்கோளம்' என்ற நூலை எழுதியவர், மண்ணை உயிருள்ளது என்றோ உயிரற்றது என்றோ வகைப்படுத்த மறுத்து அதற்கு மூன்றாவதாக ஒரு வகையை உண்டாக்கினார். உயிரும் சடமும் பிரிக்க முடியாதபடி கலந்த பொருள் என்று அதற்கு விளக்கம். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று காரில் வரும்போது பேசிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சற்றும் யோசிக்காமல் "உயிர்மெய்" என்றார். எல்லோரும் சிரித்தோம், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டோம். உண்மையில் அதைவிடப் பொருத்தமான சொல் ஏது? உயிர் 12, மெய் 18, இரண்டும் கூடிய உயிர்மெய் 216 என்று எழுத்தறியும்போதே நம் குழந்தைகள் கற்கிறார்கள். தனி உயிரும் தனி மெய்யும் குறைவு, கலந்ததே மிகுதி என்பது அந்த எண்களிலேயே இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் மூன்று வகை கற்ற குழந்தைக்கு ஆறாம் வகுப்பில் இரண்டு கட்டம் மட்டும் தருகிறோம்.

அன்று வலப்பக்கம் எழுதப்பட்ட மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் வியப்புதான். செங்கல்லை எழுதினார்கள். ஆலம்பரைக் கோட்டை முகலாயர் காலத்தில் எழுந்து, 1750இல் முசாபர் ஜங் வழியாக டூப்ளேயின் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டை. 2004 ஆழிப்பேரலையும் தன் பங்குக்குச் சிதைத்தது. எஞ்சிய சுவர்களில் செங்கற்களை இணைத்திருப்பது சுண்ணாம்பு. இந்தக் கடற்கரையில் அக்காலத்தில் சுண்ணாம்பு என்றால் பெரும்பாலும் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்ததுதான். கிளிஞ்சலோ, கழிச் சேற்றில் வாழ்ந்த ஓர் உயிர் கடல்நீரில் கரைந்திருந்த சுண்ணச் சத்தை எடுத்துத் தனக்குக் கட்டிக்கொண்ட வீடு. அந்த வீட்டைச் சுட்டு நவாபும் பிரெஞ்சுக்காரரும் தங்களுக்கு வீடு கட்டிக்கொண்டார்கள். இப்போது அந்தச் சுவரின் விரிசல்களில் வேர்விட்டிருக்கும் செடிகள் அதே சுண்ணாம்பை மெல்லக் கரைக்கின்றன. மழை அதைக் கழிக்கே கொண்டுபோகிறது. இதில் எங்கே கோடு போடுவது?

சிறுபாணாற்றுப்படையில் கொற்கையைச் சொல்லும் இடத்தில் ஒரு காட்சி உண்டு. உப்பு வணிகர்களான உமணர்கள் தங்கள் பிள்ளையைப்போல வளர்த்த மந்தி ஒன்று, வெறும் கிளிஞ்சலுக்குள் முத்துகளைப் போட்டு மூடி, உமணச் சிறார்களோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டி விளையாடும். உப்பும் முத்தும் கிளிஞ்சலும் குரங்கும் குழந்தையும் ஒரே விளையாட்டில். இடைக்கழிநாட்டுக்காரருக்குத்தான் இப்படித் தோன்றும் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆய்வாளர்கள் எங்களை மன்னிக்கட்டும்.

உப்பு என்றதும் மரக்காணம். கடப்பாக்கத்திலிருந்து தெற்கே சிறிது தூரம்தான். பக்கிங்காம் கால்வாய் ஓடி முடியும் இடம். ஒரு காலத்தில் உப்பு படகேறிய இடம். உப்பைவிட உயிரற்ற பொருள் உண்டா என்று கேட்கலாம். உப்பளத்தின் கடைசிப் பாத்திகளில், நீர் வற்றி உப்பு முற்றும் நேரத்தில், தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். அதைப்போல எத்தனையோ மடங்கு செறிவிலும் வாழக்கூடிய நுண்ணுயிர்களும் ஒருவகைப் பாசியும் தரும் நிறம் அது. அந்தச் சிவப்பு வெயிலை நன்றாக உறிஞ்சுவதால் நீர் விரைவாக ஆவியாகிறது. சற்றுக் குறைந்த செறிவுள்ள பாத்திகளில் உப்பு இறால் என்னும் பூச்சி போன்ற சிற்றுயிர் பாசியைத் தின்று நீரைத் தெளிய வைக்கிறது. உப்பு விளைகிறது என்றுதான் நம் மக்கள் சொல்கிறார்கள், நெல் விளைவதைப்போல. அது வெறும் உவமை என்று நாங்கள் நினைத்திருந்தோம், அப்படியல்ல. அந்த விளைச்சலில் உயிர்களுக்கும் பங்குண்டு. போதாக்குறைக்கு, உப்புப் பரலுக்குள் சிக்கிக்கொள்ளும் நீர்த்துளிகளில் அந்த நுண்ணுயிர்கள் நெடுங்காலம் உயிரோடு கிடக்கின்றன.

மணலையும் விட்டுவிட முடியாது. காற்று கொண்டுவரும் மணலை அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து நிறுத்துவதால்தான் மணற்குன்று உண்டாகிறது. குன்று மழைநீரைத் தேக்கி வைத்துக்கொள்வதால் கடலுக்குக் கல்லெறி தூரத்தில் ஊற்று தோண்டினாலும் குடிநீர் கிடைக்கிறது. தை முதல் பங்குனி வரை இரவுகளில் பங்குனி ஆமைகள் கரையேறி நூறு முட்டைக்குமேல் இட்டுவிட்டுப் போகின்றன. குஞ்சு ஆணா பெண்ணா என்பதைப் பெற்ற ஆமை தீர்மானிப்பதில்லை, முட்டைகளைச் சுற்றியுள்ள மணலின் சூடு தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 29, 30 பாகைக்குமேல் போனால் பெண் குஞ்சுகளே மிகும். ஓர் உயிர் பெண்ணாவதா ஆணாவதா என்று முடிவுசெய்யும் பொருளை உயிரற்றது என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம்.

இவ்வளவு நுணுக்கம் குழந்தைகளுக்கு எதற்கு என்று கேட்கலாம். பள்ளிக்குள் நடக்கும் வகைப்பாடு பள்ளிக்குள்ளேயே நின்றுவிட்டால் நாங்களும் கவலைப்பட மாட்டோம். அது வளர்ந்து கோப்புகளுக்குள் போகிறது. வருவாய்த்துறைப் பதிவேடுகளில் கழிவெளிகளும் மணற்குன்றுகளும் புறம்போக்கு, தரிசு என்ற சொற்களால்தான் பெரும்பாலும் குறிக்கப்படுகின்றன. மரம் இருந்தால் காடு, நெல் இருந்தால் நன்செய், சேறும் மணலும் என்றால் வெற்றிடம். வெற்றிடத்தில் எதையும் வைக்கலாம் அல்லவா? இதே செய்யூர் வட்டாரத்தில் 4000 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்றும், அதற்கு நிலக்கரி இறக்கப் பனையூர்க் கடற்கரையில் துறையும் திட்டமிடப்பட்டுப் பல ஆண்டுகள் பேசப்பட்டன. மீனவர்களும் உழவர்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தார்கள். கடைசியில் அது எழும்பவில்லை. பிறகு, 2021, 2022ஆம் ஆண்டுகளில், ஆலம்பரைக்குப்பத்திலும் தெற்கே அழகன்குப்பத்திலும் மீன்பிடித் துறைமுகம் கட்டும் திட்டம் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. மீனவர்களுக்குத் துறைமுகம் கூடாது என்பதல்ல எங்கள் கட்சி. கடலுக்குள் போய்வருகிறவர்களின் தேவையைக் கரையில் நிற்கும் வாசகர்கள் தீர்மானிக்கக் கூடாது. ஆனால் அங்கே கேட்கப்பட வேண்டிய கேள்வி மணலைப் பற்றியது.

கிழக்குக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது, வடகிழக்குப் பருவத்தில் சிறிது திரும்பி வருகிறது. நீரோட்டத்தின் திசையை மீனவர்கள் வன்னி, தெண்டி என்று பெயரிட்டே அழைக்கிறார்கள். குறுக்கே கல் போட்டால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்ததும் மெரினா அகன்றதும் இராயபுரம் பக்கம் கடல் புகுந்ததும் நம் பாட்டன் காலத்துப் பாடம். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கல்சுவர் எழுப்பிய பிறகு அதற்கு வடக்கே நகரின் கடற்கரையே காணாமல்போனது நம் காலத்துப் பாடம். கழியின் முகத்துவாரம் திறப்பதும் மூடுவதும் இந்த மணல் நகர்வைப் பொறுத்தது. முகத்துவாரம் மூடினால் கழியின் உப்புத்தன்மை மாறும். கடலில் பிறந்து கழிக்குள் வந்து வளரவேண்டிய இறால் குஞ்சு வெளியே நின்றுவிடும். அப்புறம் எத்தனை கை சேற்றைத் தடவினாலும் ஒன்றும் அகப்படாது. தெற்கே இதே கழிமுகத்தோடு ஓர் ஓடையால் இணைந்திருக்கும் கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நல்ல செய்திதான். ஆனாலும் சரணாலயத்துக்குப் பெயர் தருவது பறவை, அதாவது இடப்பக்கக் கட்டம். அந்தப் பறவைக்குச் சோறு போடும் நீரோட்டமும் சேறும் வலப்பக்கக் கட்டத்திலேயே இருக்கின்றன.

இந்த இடத்தில் தொல்காப்பியத்தை இழுக்காமல் ஓர் இலக்கியக் குழு எழுதி முடிக்காது என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். அகத்திணையின் முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று நீளும். உரிப்பொருள் மனிதரின் அகவொழுக்கம். நம் முன்னோர் சூழலியலை அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மார்தட்டுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அது கவிதையின் இலக்கணம், உயிரியல் நூலன்று. சுறாவையும் புன்னையையும் அது பட்டியலிட்டது பாட்டில் எங்கே எதை வைப்பது என்று சொல்வதற்காக. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பகுப்பில் உயிருண்டா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. எது முதல், அதிலிருந்து எது கருக்கொள்கிறது என்பதே கேள்வி. பொழுது முதற்பொருளில் நிற்கிறது. நம் பாடநூல் அட்டவணையில் வெயிலும் காற்றும் உண்டு, பொழுது எங்கே? ஓதம் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும், முகத்துவாரம் திறந்திருக்கும் மாதமும் மூடிய மாதமும் கழியை வெவ்வேறு கழிகளாக்குகின்றன. ஒருநாள் பிற்பகலில் ஒருமணி நேரம் பார்த்து நிரப்பும் தாளில் அது அகப்படாது. மேலும், மனிதனும் அவன் தொழிலும் அவன் தட்டும் பறையும்கூடக் கருப்பொருளோடு வந்துவிடுகின்றன. அன்று கோட்டையில் பிள்ளைகள் நிரப்பிய தாள்களில் நாங்கள் எட்டிப்பார்த்தவரை வலைகாரரோ உப்பு வாருபவரோ எந்தக் கட்டத்திலும் இல்லை. தங்களையும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

சூழல் கல்வி வேண்டும் என்பதில் இந்நாட்டில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. 1991இல் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமே அதைப் பள்ளிகளில் கட்டாயமாக்கச் சொன்னது. 2005இன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு அறிவை இணைக்க வேண்டும் என்றது. தீர்ப்பும் ஆவணமும் இருக்கின்றன. கழிக்கரையில் நிற்கும் ஆசிரியரின் கையில் இருப்பதோ நடுவில் கோடு போட்ட தாள். அந்தத் தாளில் மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்ப்பது அவ்வளவு கடினமா? அல்லது வலப்பக்கம் எழுதிய ஒவ்வொன்றுக்கும் நேரே 'இதை இப்படி ஆக்கியது யார்?' என்று ஒரு கேள்வியும், இடப்பக்கம் எழுதிய ஒவ்வொன்றுக்கும் நேரே 'இதை இங்கே வாழவிடுவது எது?' என்று ஒரு கேள்வியும் வைத்தால் போதும். இதே செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் உழவர்கள் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை கண்டவர்கள். ஏரியில் தங்கும் பறவைகளின் எச்சம் நீரில் கரைந்து வயலுக்கு உரமாகிறது என்று கண்டு, பறவைகளைச் சுடக்கூடாது என்று பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கும்பினி ஆட்சியரிடம் முறையிட்டு ஆணை பெற்றவர்கள் அவர்கள். அந்த ஏரியின் தண்ணீர் எந்தக் கட்டத்துக்குரியது என்று அவர்களைக் கேட்டால் நம்மை ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள்.

பள்ளிகளுக்குச் செலவில்லாத ஒரு செய்முறையும் உண்டு. கீவ் நகரில் பிறந்த செர்கெய் வினோகிராத்ஸ்கி 1880களில் கண்ட முறை. கழியிலிருந்து ஒரு குவளை கறுப்புச் சேறு எடுத்து, கிழித்த செய்தித்தாளும் பொடித்த முட்டை ஓடும் சிறிது மஞ்சள்கருவும் கலந்து, ஒரு நீண்ட கண்ணாடிப் புட்டியில் முக்கால் பங்கு நிரப்ப வேண்டும். மேலே கழிநீர் ஊற்றித் தளர்வாக மூடி, வெளிச்சம் வரும் சன்னலோரம் வைத்துவிட வேண்டும். வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. சில வாரங்களில் புட்டிக்குள் அடுக்கடுக்காக நிறங்கள் தோன்றும். ஒவ்வோர் அடுக்கும் ஒருவகை நுண்ணுயிரின் குடியிருப்பு. ஒன்று கழித்ததை அடுத்தது உண்கிறது.

நாங்கள் அன்று ஒரு தண்ணீர்ப் புட்டி நிறையச் சேறு கொண்டுவந்தோம். காரில் வந்த நாற்றத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று காரின் உரிமையாளரான நண்பர் கேட்டுக்கொண்டார். தமிழாசிரியர் வீட்டுச் சன்னலில் ஊறுகாய்ச் சாடி ஒன்றில் அதை வைத்தோம். மூன்று வாரம்வரை ஒன்றும் நடக்கவில்லை. அவருடைய துணைவியார் இரண்டுமுறை தூக்கி எறியப் பார்த்தார். நான்காம் வாரம் மேற்பரப்பில் பச்சை படர்ந்தது. ஆறாம் வாரம் அதற்குக் கீழே, கண்ணாடியை ஒட்டி, மாதுளை நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. அடியில் கறுப்பு இன்னும் கறுத்திருக்கிறது. இப்போது அந்தத் தெருப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

சாடியைக் கடப்பாக்கத்துக்கு எடுத்துச்சென்று அந்தச் சிறுமியிடம் காட்டலாம் என்றால், அவள் எந்தப் பள்ளி என்று கேட்டுக்கொள்ளாமலே வந்துவிட்டோம்.